திரும்பி வரும் வழி: இல்லங்களிலிருந்து வெளியேறும் இளையர்களுக்கு எந்த ஏற்பாடு பொருந்தும்?

எங்கள் தொண்டூழியக் குழுவின் முன் இப்போது ஒரு முடிவு காத்திருக்கிறது. சிங்கப்பூரில் சிறுவர் இல்லம் ஒன்றில் 11 ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்து வரும் ஒன்பது பேர் நாங்கள். எங்களிடம் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய பிள்ளைகள் ஒவ்வொருவராக 18 வயதை எட்டி அந்த இல்லத்தைவிட்டுப் போனார்கள். அவர்கள் போகும் இடத்தைப் பற்றியும் நாம் கவலைப்பட வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அதற்கென்று ஒரு சிறு நிதியைச் சேர்க்கத் தொடங்கினோம். அந்தப் பணத்தையும், பணத்தைவிட அரிதான எங்கள் நேரத்தையும் எந்த ஏற்பாட்டுக்குக் கொடுப்பது என்பதை அடுத்த கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டும். கூட்டத்துக்கு முன் என் எண்ணங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளவும், இதே கேள்வியோடு இருக்கும் வேறு குழுக்களுக்கும் வளர்ப்புக் குடும்பங்களுக்கும் பயன்படவும் இதை எழுதுகிறேன்.

எங்கள் முன் உள்ள வழிகள் நான்கு. இருக்கும் இல்லத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ 21 வயதுவரை தொடர்ந்து தங்க வைப்பது முதலாவது. உறவினர் வீட்டுக்கு அனுப்புவது இரண்டாவது. வாடகைக்கு ஓர் அறை எடுத்துக்கொடுத்து மாதந்தோறும் கைப்பணமும் கொடுப்பது மூன்றாவது. இரண்டு மூன்று இளையர்கள் சேர்ந்து வாழும், சமூக ஊழியர் ஒருவர் அடிக்கடி வந்துபோகும் இடைநிலை வீடு நான்காவது.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். செலவு, பாதுகாப்பு, தனித்து வாழும் திறன் என்று எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். எல்லாம் சரியானவையே. ஆனால் நான் வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறேன். சிங்கப்பூரில் நம் சொந்தப் பிள்ளைகள் எப்போது வீட்டைவிட்டுப் போகிறார்கள்? பெரும்பாலோர் திருமணமாகி, வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டின் சாவி கைக்கு வந்த பிறகு. திருமணமாகாதவர்களில் பலர் 35 வயதானபின் தனிநபராக வீடு வாங்கும்வரை பெற்றோரோடுதான் இருக்கிறார்கள். என் மகன் 26 வயதில் ஒரு வேலையை விட்டுவிட்டு நான்கு மாதம் வீட்டில் இருந்தான். அதை யாரும் தோல்வி என்று சொல்லவில்லை. அவனுடைய கட்டில் அங்கேயே கிடந்தது, சோறும் இருந்தது. நம் பிள்ளைகளிடம் 30 வயதிலும் எதிர்பார்க்காத ஒன்றை இந்தப் பிள்ளைகளிடம் 18 வயதில் எதிர்பார்க்கிறோம். ஆகவே ஒவ்வொரு வழியையும் பார்த்து நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இதில் சறுக்கினால் திரும்பி வர இடம் உண்டா? இரண்டாவது கேள்வி, இந்த வழி ஒரே சமயத்தில் எத்தனை மாற்றங்களை அந்தப் பிள்ளையின் தலையில் வைக்கிறது என்பது.

இரண்டாவது கேள்வி எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் கணிதம் படித்த பையன் ஒருவன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிப்பை முடித்த அதே காலாண்டில் இல்லத்தைவிட்டு வெளியேறினான். ஒரு மாதம் கழித்து, இளைஞர்களுக்குக் கட்டாயமான தேசிய சேவைக்கு, படைமுகாமில் சேர்ந்தான். படிப்பு, வீடு, அன்றாடம் பார்த்துப் பழகிய முகங்கள் ஆகிய மூன்றும் பத்து வாரத்துக்குள் மாறின. முகாமில் இருந்த நாள்களில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலைதான் சிக்கல். மற்றவர்கள் புக் அவுட் ஆகி, அதாவது முகாமிலிருந்து விடுப்பில் வெளியேறி, வீட்டுக்குப் போகும்போது இவன் எந்த நண்பன் வீட்டுக்குப் போவது என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருப்பான். தூங்க இடம் எப்படியோ கிடைத்துவிட்டது. சீருடையைத் துவைத்துக் காயப்போடத்தான் கூச்சமாக இருந்தது என்று பல மாதம் கழித்து என்னிடம் சொன்னான். "அடுத்தவங்க வீட்டு மெஷின்ல போடச் சொல்லிக் கேக்க முடியல ஆன்ட்டி" என்றான். அவனைப் பற்றிய ஏட்டில் "தங்குமிடம்: தேசிய சேவை முகாம்" என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் தரும் கூரையை வீடு என்று எண்ணிவிடக் கூடாது என்பதை அந்தப் பையனிடம்தான் கற்றுக்கொண்டேன்.

வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இல்லங்களில் வளரும் பிள்ளைகள் எல்லாரையும் பெற்றோரை இழந்தவர்கள் என்றே வெளியில் பலர் நினைக்கிறார்கள். தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் அங்கே சிலரே. மற்றவர்களின் பெற்றோர் சிறையிலோ, நீண்டகால நோயிலோ, பிள்ளைக்கு ஆபத்தான நிலையிலோ இருக்கிறார்கள். சிறுவர், இளையர் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்தபோது, பராமரிப்பும் பாதுகாப்பும் பெறும் வயதுவரம்பு 16-இலிருந்து 18-க்கு உயர்ந்தது. அது பெரிய முன்னேற்றம். அதற்கு முன்பு 16 வயதில் வந்து நின்ற அதே கேள்வி இப்போது 18-இல் வந்து நிற்கிறது.

பெற்றோர் இருக்கிறார்களா இல்லையா என்பது உணர்வு சார்ந்த வேறுபாடு மட்டுமன்று, வீட்டுக் கணக்கையே மாற்றிவிடுகிறது. திருமணமாகாத சிங்கப்பூரர் 35 வயதில்தான் தனியாக வீவக வீடு வாங்க முடியும். இரு பெற்றோரையும் இழந்தவர், அவர்களில் ஒருவராவது சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருந்தால், 21 வயதிலேயே விண்ணப்பிக்கலாம். பெற்றோர் உயிரோடு இருந்தும் 12 ஆண்டுகளாக முகம் பார்க்காத பிள்ளைக்கு இந்தச் சலுகை கிடையாது. அந்தப் பிள்ளைக்கு 18 முதல் 35 வரை 17 ஆண்டு இடைவெளி. ஆகவே ஒரே இல்லத்தில், அடுத்தடுத்த கட்டிலில் தூங்கிய இரண்டு பேருக்கு ஒரே ஆலோசனையைச் சொல்ல முடியாது. முதலாமவருக்கு மூன்று ஆண்டுகளைக் கடக்க ஒரு பாலம் போதும். இரண்டாமவருக்கு மிக நீண்ட வழி இருக்கிறது.

இனி முதல் வழி. இருக்கும் இடத்திலேயே 21 வரை இருப்பதுதான் நம் வீடுகளின் வழக்கத்துக்கு மிக நெருக்கமானது. இங்கிலாந்தில் 2014 முதல், வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் இளையர், இரு தரப்பும் விரும்பினால், 21 வயதுவரை அங்கேயே தொடரலாம். அதற்கு உள்ளாட்சி மன்றம் ஆதரவு தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அமெரிக்காவின் இலினாய், ஐயோவா, விஸ்கான்சின் மாநிலங்களில் பராமரிப்பிலிருந்து வெளியேறிய இளையர்களைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இலினாயில் 21 வரை தங்கலாம். மற்ற இரண்டிலும் பெரும்பாலும் 18-ஓடு முடிந்துவிடும். தங்கியவர்களில் கூடுதலானோர் கல்லூரி வாசலை மிதித்தார்கள். ஆனால் வீடற்றுப் போவதைப் பொறுத்தவரை, தங்கிய ஆண்டுகள் அதைத் தள்ளிப்போட்டனவே தவிர முழுவதும் தடுத்துவிடவில்லை என்றும் அந்த ஆய்வு கண்டது.

இந்த இரண்டாவது முடிவை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். 18-இல் தராத பயிற்சியை 21-இலும் தராவிட்டால், மூன்று ஆண்டுகள் வெறும் ஒத்திவைப்பாகவே முடியும். இல்லங்களில் இந்த ஆபத்து கூடுதல். 10 வயதுப் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் 19 வயது இளையர் ஒருவர் நினைத்த நேரத்தில் சமையலறைக்குள் போய் முட்டை பொரிக்க முடியாது. பாதுகாப்பு விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. உணவு மேசைக்கு வந்துவிடுகிறது, மின்கட்டணம் எவ்வளவு என்று தெரிவதில்லை. எங்களிடம் படித்த பெண் ஒருத்தி, 18 வயதுவரை தன் கையால் அரிசி வாங்கியதே இல்லை என்றாள். ஒருவருக்கு ஒரு வேளைக்கு எத்தனை பிடி அரிசி போட வேண்டும் என்பது தெரியாமல் முதல் வாரம் முழுவதும் பானை நிறையச் சோறு வடித்திருக்கிறாள். வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது நேராது. ஈரச்சந்தைக்குப் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும், அம்மா மீன்காரரிடம் பேரம் பேசுவதைப் பார்த்திருக்கும். சிங்கப்பூரில் வளர்ப்புக் குடும்பத் திட்டம் 1956 முதல் இருக்கிறது. அதில் சேரும் தமிழ்க் குடும்பங்கள் கூட வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திரும்பி வரும் வழியைப் பொறுத்தவரை முதல் வழிக்கு மதிப்பெண் அதிகம், ஒரு நிபந்தனையோடு. வளர்ப்புக் குடும்பம் என்றால் கதவு திறந்தே இருக்கும். நான் அறிந்த ஒரு வளர்ப்புத் தாய், திருமணமாகிப் போன தம் வளர்ப்பு மகளின் பேறுகாலத்தையும் தாமே பார்த்தார். இல்லம் என்றால், ஒருமுறை வெளியேறிய 19 வயது இளைஞர் சிறுபிள்ளைகள் இருக்கும் கட்டடத்துக்குள் மறுபடியும் வந்து தங்குவது எளிதில் நடக்காது. நடக்கவும் கூடாது என்று நினைப்பவர்களின் அச்சத்தையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அந்தக் கட்டில் அடுத்து வரும் பிள்ளைக்குத் தேவை.

இரண்டாவது வழி உறவினர் வீடு. இதைப் பற்றி நம் சமூகத்தில் வெளிப்படையாகப் பேசுவது குறைவு; அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். "சொந்தம் இருக்கும்போது வெளியில் ஏன்?" என்று கேட்பது நம் இயல்பு. பெரியம்மா, சித்தப்பா, தாய்மாமன் என்று யாராவது ஒருவர், 18 வயதில் பிள்ளையை அழைத்துக்கொள்ள முன்வருவார். அவர்களில் மிகப் பலர் உண்மையான அன்போடு வருகிறார்கள். அரசாங்க ஏற்பாடு எதுவும் தர முடியாத ஒன்றை அவர்களால் தர முடியும்: தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துவிட ஒரு கை, திருமண அழைப்பிதழில் அச்சிட ஒரு பெயர், தாய்மாமன் சீர் கொண்டுவர ஓர் ஆள், இறந்த பெற்றோருக்குத் திதி கொடுக்கும்போது பக்கத்தில் நிற்க ஒரு மனிதர். இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது "பெரியவர்கள் யார்?" என்ற கேள்வி எவ்வளவு கூராக வந்து குத்தும் என்பதை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் அந்த வீட்டில் இடம் எவ்வளவு? மூவறை வீட்டில் ஐந்து பேர் ஏற்கெனவே இருந்தால், ஆறாவது ஆளுக்குக் கூடத்தில் ஒரு மெத்தைதான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பிள்ளை இரவு 11 மணிக்குத் தொலைக்காட்சி அணைந்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்க முடியும். எங்களிடம் படித்த ஒரு பெண் தன் பெரியம்மா வீட்டுக்குப் போனாள், வேலைக்குச் சேர்ந்தாள், முதல் சம்பளத்தை அப்படியே பெரியம்மா கையில் கொடுத்தாள். நம் வீடுகளில் அது வழக்கந்தான், அதில் தவறு காண மாட்டேன். ஆனால் மாதத்துக்கு எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு அவளுக்கு என்பதை யாரும் வாய்திறந்து பேசவே இல்லை. மூன்றாம் ஆண்டில் பெரியம்மா மகனின் திருமணம் வந்தது, அறை தேவைப்பட்டது. அவள் வெளியேறியபோது கையில் சேமிப்பு என்று எதுவும் இல்லை. பெரியம்மா கெட்டவர் அல்லர். பேசாமல் விட்டதுதான் கெடுத்தது.

உறவுக்குள் கணக்கெழுதினால் உறவு கெடும் என்று எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். நான் மாறாக நினைக்கிறேன். பிள்ளை வீட்டுக்குள் வருவதற்கு முன்பே, குடும்பச் சேவை நிலைய ஊழியர் ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டு நான்கு விஷயங்களைப் பேசிவிட வேண்டும்: எங்கே தூங்குவது, மாதம் எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு காலம், ஒத்துவராவிட்டால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்வது. இந்தப் பேச்சுக்கு உறவினர் இணங்காவிட்டால், அதுவே பிள்ளைக்குத் தேவையான தகவல். உறவினர் வீட்டைத் தங்குமிடமாகக் கொள்ளாமல் போய்வரும் வீடாக மட்டும் வைத்துக்கொண்டால் அந்த உறவு நீடிக்கிறது என்பதையும் கண்டிருக்கிறேன். பண்டிகைக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் போகும் பெரியம்மா வீடு வேறு, கூடத்து மெத்தைக்காகக் கடன்பட்டிருக்கும் பெரியம்மா வீடு வேறு.

மூன்றாவது வழியான வாடகை அறையைத்தான் இளையர்கள் மிகவும் விரும்புகிறார்கள். பல ஆண்டுகள் நான்கு பேரோடு அறையைப் பகிர்ந்தவர்களுக்குத் தமக்கென்று ஒரு கதவும் அதற்கு ஒரு பூட்டும் எவ்வளவு பெரிய ஆசை என்பதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. சட்டமும் பெரிய தடையாக இல்லை: 2009 முதல், 18 வயதானவர்கள் பெரும்பாலான ஒப்பந்தங்களில் தாமே கையெழுத்திடலாம், மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தமும் அதில் அடங்கும். தடை கணக்கில் இருக்கிறது. மாதம் 1,800 வெள்ளி சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். மத்திய சேமநிதிக்கு ஊழியர் பங்காக 20 விழுக்காடு, அதாவது 360 வெள்ளி போய்விடும். கையில் வருவது 1,440. அறை வாடகை 900 என்றால் மிஞ்சுவது 540, நாளுக்கு 18 வெள்ளி. அதற்குள் மூன்று வேளைச் சாப்பாடு, பேருந்து, ரயில், கைப்பேசி, சவர்க்காரம், பல்வலி வந்தால் பல் மருத்துவர். உணவங்காடி நிலையத்தில் மட்டுமே சாப்பிட்டால் இது தாங்காது. தானே சமைக்கலாம் என்றால், "சமைக்கக் கூடாது" என்று நிபந்தனை போடும் வீட்டு உரிமையாளர்கள் பலர். இந்தியர்களுக்கு வாடகைக்குத் தருவதில்லை என்று சொல்லும் விளம்பரங்களையும் நம் பிள்ளைகள் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது.

வீவக அறையை ஒரே தடவையில் குறைந்தது ஆறு மாதத்துக்கு எடுக்க வேண்டும், முன்பணம் வேறு. மூன்றாவது மாதத்தில் வேலை போனால் முன்பணத்தை இழந்து வெளியேற வேண்டிவரும். ஆக, நான் கேட்கும் முதல் கேள்விக்கு இந்த வழியில் விடையே இல்லை. இங்கே சறுக்கியவருக்குத் திரும்ப இடம் கிடையாது.

பணத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் இதைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்கலாம். வேல்ஸில் அப்படி முயன்றார்கள். 2022 ஜூலை முதல் ஓராண்டுக்குள் 18 வயதை எட்டிய, பராமரிப்பிலிருந்து வெளிவரும் இளையர்களுக்கு, வரிக்கு முன் மாதம் 1,600 பவுண்டு, 24 மாதங்களுக்கு, எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தார்கள். இளையர்மேல் நம்பிக்கை வைத்த அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். அது ஓர் அரசாங்கத்தின் பணப்பை. ஒன்பது பேர் சேர்த்த நிதி அன்று. எங்கள் பணம் முழுவதையும் வாடகைக்கே கொடுத்தால் இருவருக்கு ஓராண்டு கொடுக்கலாம், பிறகு நிதி காலி.

பெருந்தொகையை ஒரேயடியாகக் கையில் கொடுப்பதற்கு மட்டும் நான் திட்டவட்டமாக எதிர்ப்புத் தெரிவிப்பேன். பணம் வந்த செய்தி எப்படியோ பரவிவிடுகிறது. பத்தாண்டாகப் பார்க்க வராதவர்கள் கடன் கேட்டு வருகிறார்கள், பாசத்துக்கு ஏங்கிய பிள்ளையால் மறுக்க முடிவதில்லை. இன்னோர் ஆபத்தும் உண்டு. "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, சில நூறு வெள்ளி தருகிறேன்" என்று கேட்கும் ஆள்கள் தேடுவதே, கேள்வி கேட்கப் பெரியவர் இல்லாத 19 வயதினரைத்தான். வங்கிக் கணக்கையோ, மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் விவரங்களையோ இப்படி அடுத்தவரிடம் ஒப்படைப்பவரைத் தண்டிக்க 2023-இல் சட்டங்கள் திருத்தப்பட்டன; மோசடிக்காரன் தப்பிவிட, கணக்கைக் கொடுத்த பிள்ளை நீதிமன்றத்தில் நிற்கும். சமைப்பதையும் துவைப்பதையும் கற்றுத்தரும் எந்தப் பயிற்சியிலும் இந்தப் பாடம் முதல் நாளே இடம்பெற வேண்டும்.

நான்காவதான இடைநிலை வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அதை எங்கள் குழுவால் நடத்த முடியாது. வீடு, உரிமம், பயிற்சி பெற்ற ஊழியர், இரவில் அழைத்தால் வருவதற்கு ஓர் ஆள் எல்லாம் வேண்டும். சமூகச் சேவை அமைப்புகளால் மட்டுமே இயலும். அதன் நன்மை தெளிவானது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து மின்கட்டணத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள், யார் குப்பையைக் கொட்டுவது என்று சண்டையிட்டுச் சமாதானமாகிறார்கள், ஒரு மாதம் பணம் போதாமல் போனால் அதிலிருந்து பாடம் கற்கிறார்கள், கூரை மட்டும் போய்விடுவதில்லை. தவறு செய்யவும் இடம் இருக்கிறது, தவறின் விலையும் சிறியது. குறை, அங்கேயும் ஒரு காலக்கெடு உண்டு. கெடு முடியும்போது மறுபடியும் ஒரு வெளியேற்றம். ஆனாலும் அப்படி ஓர் இடம் கிடைக்கும் பிள்ளைக்கு, 19 அல்லது 20 வயதில் அதை எடுத்துக்கொள்ளுமாறு தயங்காமல் சொல்வேன்.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட இவற்றை வரிசைப்படுத்துவதே சரி என்ற முடிவுக்கு வந்தேன். படிப்போ தேசிய சேவையோ முடியும்வரை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பிறந்தநாளை வைத்து வெளியேறும் நாளைக் குறிக்க வேண்டாம். அந்த ஆண்டுகளில் உறவினர் வீடு போய்வரும் வீடாக மட்டும் இருக்கட்டும். 20 வயதை ஒட்டி இடைநிலை வீடு. இரு பெற்றோரையும் இழந்தவர் 21 வயதில் வீவகவின் கதவைத் தட்டலாம். மற்றவர், நிலையான வேலையும் ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பும் சேர்ந்த பிறகு வாடகை அறைக்குப் போகலாம். அறை கடைசியில் வர வேண்டியது. இளையர்கள் அதை முதலில் கேட்கிறார்கள் என்பதற்காக முதலில் கொடுத்துவிடக் கூடாது.

இந்த வரிசை எந்தப் பிள்ளைக்கும் அப்படியே அமையாது என்பது எனக்குத் தெரியும். இல்லத்தில் ஒரு நாள்கூட மனம் ஒட்டாத பிள்ளையை 21 வரை இரு என்று கட்டாயப்படுத்த முடியாது. அப்படிப்பட்டவருக்கு, வெளியேறும் ஆண்டில் வேறு எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் நம்மால் இயலும்: அதே கல்லூரி, அதே பகுதிநேர வேலை, அதே பேருந்துத் தடம், அதே சனிக்கிழமை ஆன்ட்டி.

எங்கள் நிதியும் நேரமும் எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். வாடகைக்குப் பெரும்பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. ஒவ்வோர் இளையருக்கும் மூன்று மாத வாடகைக்குச் சமமான ஒரு தொகையை ஒதுக்கி வைத்து, வேலை போகும்போதோ நோய் வரும்போதோ மட்டும் கொடுப்போம். திரும்பி வர ஓர் இடம் வேண்டும் என்றால் அது எங்கள் வீடுகளில்தான் இருக்க வேண்டும். எங்கள் ஒன்பது பேரில் மூவர் வீட்டில் பிள்ளைகள் திருமணமாகிப் போய் அறைகள் காலியாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று என் மகளின் அறை. இரண்டு வாரமோ இரண்டு மாதமோ ஒருவர் வந்து தங்க, குடும்பத்தாரின் சம்மதத்தோடும் இல்லத்துச் சமூக ஊழியரின் மேற்பார்வையோடும், அந்த அறைகளைத் தர முடியுமா என்று கூட்டத்தில் கேட்கப்போகிறேன். என் கணவர் சம்மதித்துவிட்டார்.

நேரத்தைப் பொறுத்தவரை, 2009-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டி நெறிகளில் ஒரு வரி என் மனத்தில் நிற்கிறது. பராமரிப்பிலிருந்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும், இயன்றவரை, அவரைத் தனித்து வாழும் வாழ்க்கைக்கு இட்டுச்செல்ல ஒரு குறிப்பிட்ட நபர் ஒதுக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. இங்கிலாந்தில் அந்த நபரின் துணையை 25 வயதுவரை கேட்டுப்பெறும் உரிமை 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது. சமூக ஊழியர்கள் வேலை மாறுவார்கள், இல்லத்து ஊழியர்களும் மாறுவார்கள். அது அவர்கள் குற்றமன்று. அதே தொலைபேசி எண்ணோடு ஏழு ஆண்டுகள் இருப்பது தொண்டூழியர்களான எங்களுக்குத்தான் எளிது. ஓர் இளையருக்கு எங்களில் இருவர் என்று பிரித்துக்கொண்டால், ஒருவர் வெளிநாடு போனாலும் மற்றவர் இருப்பார்.

அந்த இருவரின் முதல் வேலை சம்பிரதாயமான அறிவுரை அன்று, காகிதங்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ்கள், தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றை 17 வயதிலேயே ஓர் உறையில் சேர்க்க வேண்டும். பெற்றோரை இழந்தவரானால் இருவரின் இறப்புச் சான்றிதழும் அதில் இருக்க வேண்டும். 21 வயதில் வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அவை இல்லாமல் அலைந்த பிள்ளையை எனக்குத் தெரியும். உயர்நிலைப் பள்ளிக்குப் பிந்திய கல்விக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். 30 வயதுவரை அதைப் படிப்புக்குப் பயன்படுத்தலாம், அதன் பிறகு மிச்சம் மத்திய சேமநிதிக்குப் போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. மருத்துவக் கட்டணச் சலுகை தரும் சாஸ் அட்டையை எந்த மருந்தகத்தில் காட்டலாம், மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் எதற்கு உதவும் என்பதையும் காய்ச்சல் வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் எழுதும் முன், ஏற்கெனவே வெளியேறிய ஐந்து பேரைத் தேக்காவில் ஓர் உணவகத்துக்கு அழைத்து, எந்த உதவி முதலில் வேண்டியிருந்தது என்று கேட்டேன். பணம் என்று ஒருவர்கூட முதலில் சொல்லவில்லை. ஒருவன் துணி துவைக்கும் இயந்திரம் என்றான். அரிசிக் கணக்குத் தெரியாமல் திண்டாடிய பெண், படிவங்களைப் பற்றிப் பேசினாள். கல்லூரியில், வேலையில், ஒருமுறை மருத்துவமனையிலும், "அவசரத் தொடர்புக்கு" என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல், இல்லத்தின் அலுவலக எண்ணையே எழுதி வந்திருக்கிறாள். அங்கே இரவில் எடுப்பவருக்கு இப்போது அவளை யாரென்றே தெரியாது. உணவகத்திலேயே அவள் கைப்பேசியை வாங்கி என் பெயரையும், எங்கள் குழுவில் இருக்கும் தாதி ஒருவரின் பெயரையும் அவரைக் கேட்டுக்கொண்டு பதிந்து கொடுத்தேன். அடுத்த மாதம் இல்லத்தைவிட்டு வெளியேறப்போகிறவர்கள் இருவர். அவர்கள் படிவங்களில் எங்களில் யார் யாருடைய பெயர்கள் இருக்கும் என்பதைக் கூட்டத்தின் முதல் அலுவலாக வைக்கும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.